தம் படங்களைத் தேடிய அம்மையார்

திரைப்படம் முடிந்து விளக்கு எரிந்ததும் நாம் எழுந்துவிடுகிறோம். எழுதியவர் யார், இயக்கியவர் யார் என்று பார்க்க நிற்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? தாம் எடுத்த படங்களையே முதுமையில் தேடி அலைந்த ஓர் அம்மையார் உண்டு. உலகின் முதல் பெண் திரைப்பட இயக்குநர் எனப் போற்றப்படும் ஆலிஸ் கீ அவர்.

1873ஆம் ஆண்டு பாரிஸ் நகருக்கு அருகே பிறந்த இவர், கன்னியர் மடப் பள்ளியில் தங்கிப் படித்தார். தந்தை மறைந்தபின் பிழைப்புக்காகத் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, 1894இல் புகைப்படக் கருவி நிறுவனம் ஒன்றில் காரியதரிசியானார். அங்கே அவருக்கு மேலாளராக இருந்தவர் லியோன் கோமோன். மறு ஆண்டு, லூமியேர் சகோதரர்கள் காட்டிய படத்தை இருவரும் கண்டனர். ஆலையிலிருந்து தொழிலாளர் வெளிவருவதுதான் படம். ‘இதில் கதை சொல்லலாமே’ என்று ஆலிஸுக்குத் தோன்றியது. முதலாளியிடம் அனுமதி கேட்டார். அலுவலக வேலை கெடாதவரை சரி என்றார் அவர்! இப்படிப் பிறந்ததுதான் ‘முட்டைக்கோசுத் தேவதை’. கோசுச் செடிகளின் நடுவிலிருந்து தேவதை ஒருத்தி குழந்தைகளை எடுத்துக் காட்டும் சின்னஞ்சிறு படம். அதை 1896இல் எடுத்ததாக அவரே கூறியுள்ளார்.

படங்கள் சில நிமிடங்களே ஓடிய அக்காலத்தில், 1906இல் இயேசுவின் வாழ்வை 25 காட்சிகளில், அரைமணி நேரத்துக்கும் மேல் ஓடும் படமாக்கினார். துணை நடிகர்கள் மட்டும் சுமார் 300 பேர். 1907இல் மணமுடித்து அமெரிக்கா சென்றார். 1910இல் சோலாக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். நியூ ஜெர்சியில் அமைத்த படப்பிடிப்பு நிலையத்தில், ‘இயல்பாக இருங்கள்’ என்று நடிகர்களுக்காக எழுதி மாட்டினார். இன்றைய நம் நாடக மேடைக்கும் அந்தப் பலகை தேவைதான்!

பிறகு தொழில் நொடித்தது, இல்வாழ்வும் முறிந்தது. 1922இல் இரு பிள்ளைகளுடன் பிரான்சு திரும்பியவருக்குப் படம் எடுக்கும் வாய்ப்பு கிட்டவே இல்லை. 1927இல் மீண்டும் அமெரிக்கா சென்று தம் படங்களைத் தேடினார், ஒன்றுகூட அகப்படவில்லை. அந்நாளைய படங்களில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், இயக்குநரின் பெயர் இராது. ஆகவே வரலாறு எழுதியவர்கள் அவருடைய படங்களைப் பிறர் கணக்கில் எழுதினர். இயேசுவின் வாழ்வுகூட அவருடைய உதவியாளர் ஜாஸே எடுத்ததாகப் பதிவாயிற்று. அம்மையார் சோர்ந்து உட்காரவில்லை. தம் படங்களுக்குத் தாமே பட்டியல் எழுதினார், பிழையைத் திருத்தும்படி கேட்டார், தன்வரலாறும் எழுதினார்.

1968இல், 94ஆம் வயதில் மறைந்தார். தன்வரலாறு நூலாக வெளிவந்தது 1976இல்தான். பின்னர் பல படங்கள் ஒவ்வொன்றாகக் கண்டெடுக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், சேன் நதிக்கரையில் பத்துப் பெண்மணிகளின் பொன்னிறச் சிலைகள் எழும்பின. அவற்றுள் ஒன்று ஆலிஸ் கீயினுடையது.