முதியோர் இல்லத்தில் பெற்றோர்

சென்னை ராயபுரத்து மணியக்காரர் சத்திரம் 1782இல், பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றும் இடமாகத் தொடங்கியது. பின்னாளில் ஆதரவற்ற முதியோருக்கும் அடைக்கலம் தந்தது. முதியோர் இல்லம் என்றாலே நாதியற்றவர்கள் ஒதுங்கும் இடம் என்றுதான் நெடுங்காலம் நினைத்தோம். பெற்ற பிள்ளை இருக்க ஒருவர் அங்கே போனால் ஊர் பேசும். இன்று கோவையிலும் சென்னைப் புறநகரிலும் மாதக் கட்டணம் கட்டித் தங்கியிருப்போரில் பலருக்குப் பிள்ளைகள் உண்டு. முதியோரின் பங்கும் கூடியிருக்கிறது: தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 2001இல் 8.8 சதவீதம், 2011இல் 10.4.

அன்று படுத்துவிட்ட மாமனாரைத் தூக்கி உட்கார வைத்ததும், மலமும் மூத்திரமும் அள்ளியதும் பெரும்பாலும் மருமகள்தான். அவளுடைய இடுப்புவலியை யாரும் கணக்கில் வைக்கவில்லை. இன்று நல்ல இல்லமாக அமைந்தால், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க ஆயா இருக்கிறார். சர்க்கரை பார்த்து இன்சுலின் போட சிஸ்டர் இருக்கிறார். இது பெரிய லாபம், மறுப்பதற்கில்லை.

ஆனால் மாமனாருக்குக் காபி எவ்வளவு சூடாக வேண்டும், பேச்சுக் குறைந்தால் அது கோபமா காய்ச்சலா என்பதெல்லாம் அந்த மருமகளுக்குத் தெரியும். ஆயாக்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் அந்த அறிவு தங்குவதில்லை.

மணியார்டர் அனுப்பிய மகன் தீபாவளிக்கு நேரில் வந்து நின்றான். ஜிபேயில் கட்டும் மகன் ஞாயிறுதோறும் வீடியோ காலில் வருகிறான். முன்னைவிட அடிக்கடி பார்க்கிறான், முகத்தை மட்டும். குதிகாலில் சிவக்கத் தொடங்கிய புண்ணும், இடுப்பில் நிற்காமல் நழுவும் வேட்டியும் செல்போனில் தெரிவதில்லை.

முன்பு தவறிய பிள்ளையைத் தட்டிக்கேட்கச் சொந்தபந்தம் இருந்தது. இப்போது பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெற்றுத் தரும். வாரம் ஒருமுறை வந்து பார் என்று உத்தரவிட அதில் வழியில்லை.

அதைப் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். ஒரு வேளையாவது நீங்களே ஊட்டிவிடுங்கள். முதுகையும் குதிகாலையும் பாருங்கள். வெளிநாட்டில் இருந்தால், பக்கத்து ஊர்ச் சித்தப்பா மகனையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.