கிண்டிலில் தமிழ் எழுத்து பொடிசா தெரியுதா? இப்படி மாத்திப் பாருங்க!

ஆசையாக வாங்கிய கிண்டிலில் தமிழ் பிடிஎஃப் திறந்தால் எழுத்து எறும்பு சைஸில் இருக்கா? கருவியில் கோளாறு இல்லை.

ஏன் இப்படி?
பிடிஎஃப்பில் பக்கத்தின் அமைப்பு மாறாது. ஏ4 பக்கம் அப்படியே 6 இன்ச் திரைக்குள் சுருங்கிவிடும். ‘இபப்’ கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகளும் அதற்கேற்ப மடங்கிக்கொள்ளும்.

என்ன செய்யலாம்?
* இபப் கோப்பை ‘சென்ட் டு கிண்டில்’ வழியாக அனுப்புங்க. கேபிளில் நேரடியாக ஏற்றினால் திறக்காது.
* புத்தகத்தைத் திறந்து, திரையின் மேல்பகுதியைத் தொட்டு, ‘ஏஏ’ குறியில் எழுத்தின் அளவு, வரி இடைவெளியைக் கூட்டுங்க.
* வேறு எழுத்துரு வேணும்னா, கம்ப்யூட்டரில் இணைத்து ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரில் யூனிகோட் தமிழ் எழுத்துருவைப் போடுங்க.

எழுத்து பொடிசுன்னு கிண்டிலை ஓரங்கட்டிய அப்பா, அம்மாவிடம் இன்னொரு முறை கொடுத்துப் பாருங்க!