பெயரைச் சொன்னால் இடம் காட்டும் கணினி



பத்துமலை என்றதும் நம்மில் பலருக்குப் பத்து என்ற எண்தான் நினைவுக்கு வரும். மலாய் மொழியிலோ 'பத்து' என்றால் கல். பொருள் எதுவாக இருந்தால் என்ன? டாக்சிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், 272 படிகளுக்குக் கீழே கொண்டுவந்து இறக்கிவிடுவார். கணினிகளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இணையத்தில் இருக்கிற ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் தெரியாமல் ஒன்று மற்றொன்றைத் தேடிப் போக இயலாது. ஆனால் நாம் வங்கியின் பெயரை, அமைச்சின் பெயரைத்தான் தட்டுகிறோம், எண்ணைத் தட்டுவதில்லை. இடையில் யாரோ ஒருவர் பெயரை எண்ணாக மாற்றித் தருகிறார். அவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. அந்நாளில் கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். உறையின்மேல் 'கோவிந்தசாமி' என்றும் தோட்டத்தின் பெயரும் மட்டுமே இருக்கும். தோட்டத்திலோ நாலு கோவிந்தசாமிகள்! கிராணியார் செக்ரோலைப் புரட்டி, இவர் எந்த லயத்தில் எத்தனையாவது வீடு என்று சொல்லுவார். ஆபீஸ் பையன் கொண்டுபோய்க் கொடுப்பான். கிராணியார் சரியாகச் சொன்னால் மணியார்டர் உரியவர் கைக்குப் போய்ச் சேரும். அவர் லீவில் போய்விட்டால், வீடு இருந்த இடத்திலேயே இருக்கும், ஆளும் இருப்பார், ஆனால் கடிதம் மட்டும் ஆபீசிலேயே கிடக்கும். இணையத்தின் கிராணியாருக்கு 'டிஎன்எஸ்' என்று பெயர். களப்பெயர் முறைமை என்று தமிழில் சொல்லலாம்.

தொடக்க காலத்தில் உலகம் முழுவதற்கும் ஒரே ஒரு செக்ரோல்தான் இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழுவினர் எல்லாக் கணினிகளின் பெயரையும் எண்ணையும் ஒரே பட்டியலில் எழுதி வைத்தார்கள். கணினிகள் பெருகவே பட்டியல் தாங்கவில்லை. 1983-ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் என்ற அறிஞர், ஜான் போஸ்டல் என்பவரின் தூண்டுதலால், பட்டியலைப் பங்கு போட்டுக் கொடுக்கும் வழியைக் கண்டார். ஒவ்வொரு தோட்டமும் தன் செக்ரோலைத் தானே வைத்துக்கொள்ளட்டும், எந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் மேலே உள்ளவர் தெரிந்து வைத்திருக்கட்டும் என்பதுதான் அதன் சாரம். இன்றும் அதே ஏற்பாடுதான் நடக்கிறது.

நம் கல்வி அமைச்சின் அகப்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 'எம்ஓஇ டாட் கோவ் டாட் எம்வை' என்று தட்டுகிறோம். கிராணியார் இதை வலப்பக்கமிருந்து படிக்கிறார். முதலில் உலகின் உச்சியிலுள்ள வேர்க் கணினிகளிடம் போகிறார். இவற்றுக்குப் பதின்மூன்று பெயர்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பல நாடுகளில் படிகள் உண்டு. அங்கே, 'எம்வை என்றால் மலேசியா, அவர்களைக் கேளுங்கள்' என்று விடை வரும். மலேசியாவின் பட்டியலை மைநிக் என்ற அமைப்பு பராமரிக்கிறது. அங்கே கேட்டால் அரசாங்கத்தின் பகுதியைக் காட்டும். அங்கிருந்து அமைச்சின் சொந்தப் பட்டியலுக்குப் போய் எண்ணை வாங்கி வருகிறார். இவ்வளவும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. வாங்கி வந்த எண்ணைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வார். அடுத்த வீட்டுப் பிள்ளை அதே பெயரைக் கேட்டால் மறுபடி அலையமாட்டார்.

தமிழுக்கும் இதில் இடம் உண்டு. 'இலங்கை', 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகள் 2010, 2011 ஆண்டுகளிலிருந்து இருக்கின்றன. மலேசியாவுக்கு அப்படி இருப்பது ஜாவி எழுத்தில்.

சரி, நம் வீட்டுக் கைத்தொலைபேசிக்கு எந்தக் கிராணியாரிடம் கேட்பது என்று யார் சொல்லிக்கொடுத்தார்? பெரும்பாலும் வைஃபை பெட்டிதான். நாம் மறைச்சொல்லைத் தட்டி உள்ளே நுழையும்போதே, 'உன் எண் இது, பெயர் கேட்க வேண்டுமானால் இன்னாரிடம் கேள்' என்று அது சொல்லிவிடுகிறது. வழக்கமாக அந்த 'இன்னார்' இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் கணினி. வேண்டுமென்றால் வேறொருவரைக் கேட்கும்படி நாமே மாற்றி வைக்கலாம். கூகுள் நிறுவனத்தின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1, குவாட்நைன் அமைப்பின் 9.9.9.9 ஆகியவை யாரும் கட்டணமின்றிக் கேட்கக்கூடியவை.

மாற்றுவதற்கு முன், கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் செய்வதில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மகன் விளம்பரங்களைத் தடுப்பதற்காகத் தகப்பனாரின் கைத்தொலைபேசியில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் ஏதோ ஒரு பெயரை எழுதி வைத்துவிட்டு விடுதிக்குப் போய்விட்டான். அந்தச் சேவை ஒருநாள் நின்றுபோனது. தகப்பனார் சிம் அட்டையை மாற்றினார். கடைக்காரர் போன் பழசாகிவிட்டது என்றார். புதியதற்கு முன்பணமும் கட்டியாயிற்று. அதற்குள் மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் அந்த இடத்தைத் 'தானியங்கி' என்று மாற்றினாள். எல்லாம் திறந்தன. அந்த இடத்தில் ஓர் எழுத்துப் பிழையாக இருந்தாலும் போன் எந்தப் பெயருக்கும் எண் கேட்காது. போனில் கோடுகள் நிறைய இருந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லையென்றால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் போன் இழுத்து இழுத்து வேலை செய்வது வேறு சங்கதி. அது நெரிசல், கிராணியார்மேல் பழி போடாதீர்கள்.

கணினியாக இருந்தால் சோதிப்பது எளிது. விண்டோசில் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, 'பிங்' என்ற சொல்லையும் 8.8.8.8 என்ற எண்ணையும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். பதில் வருகிறதென்றால் பாதை நன்றாக இருக்கிறது. பிறகு 'என்எஸ்லுக்அப்' என்று தட்டி ஒரு பெயரைக் கொடுங்கள். எண் வராவிட்டால் குற்றம் டிஎன்எஸ்ஸில். அப்போது பிணைய அமைப்புக்குள் போய், டிஎன்எஸ் என்ற இடத்தில் 'தானாகப் பெறு' என்றிருப்பதை மாற்றி, இரண்டு எண்களை எழுதலாம். முதலாமவர் பதில் சொல்லாவிட்டால் இரண்டாமவர் சொல்வார். ஆகவே இரண்டும் ஒரே நிறுவனத்தினுடையவையாக இல்லாதிருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

எந்தக் கிராணியாரைக் கேட்பது என்பது சின்ன விஷயமன்று என்பதை நம் நாடே 2024-ஆம் ஆண்டில் கண்டது. தொடர்பு, பல்லூடக ஆணையம் சூதாட்டம் போன்ற அகப்பக்கங்களைத் தடுப்பதற்கு, சேவை நிறுவனங்களின் பட்டியலிலிருந்து அந்தப் பெயர்களை மறைக்கச் சொல்லுகிறது. 8.8.8.8 போன்ற வெளியாரைக் கேட்பவர்களுக்கு அந்தத் தடை எட்டாது. ஆகவே வெளியாருக்குப் போகும் கேள்விகளையும் உள்நாட்டுக் கணினிகளுக்கே திருப்பும்படி அவ்வாண்டு ஆணை பிறந்தது. செப்டம்பர் 30 வரை தவணை. சில நிறுவனங்கள் திருப்பத் தொடங்கியதும் மக்கள் ஆட்சேபித்தார்கள். செப்டம்பர் 8-ஆம் நாள் தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதைத் தொடரவேண்டாம் என்று கூறினார். திருப்புவது எப்படி இயலும் என்று கேட்கிறீர்களா? சாதாரண டிஎன்எஸ் கேள்வி உறையில்லாத அஞ்சலட்டை போன்றது. வழியில் இருப்பவர் படிக்கலாம், அவரே பதிலும் எழுதலாம். மூடிய உறையில் போகும் முறையும் உண்டு. மேலே சொன்ன 'பிரைவேட் டிஎன்எஸ்' அந்த வகை. சூதாட்டத் தடை வேண்டியதுதான். ஆனால் நாம் ஒருவரைக் கேட்க, வேறொருவர் அவர் குரலில் பதில் சொல்வது எங்களுக்கு உவப்பாக இல்லை.

திருடர்களும் இதே வழியில்தான் வருகிறார்கள். 2015 ஜனவரி 26-ஆம் நாள் மலேசிய விமான நிறுவனத்தின் பெயரைத் தட்டியவர்களுக்குத் தொப்பி போட்ட ஒரு பல்லியின் படம் வந்தது. நிறுவனத்தின் கணினிக்குள் யாரும் புகவில்லை, டிஎன்எஸ்ஸை மாற்றி வேறு வீட்டைக் காட்டிவிட்டார்கள் என்று நிறுவனம் விளக்கியது. அதற்கு முன், 2011 நவம்பரில் ஒரு கும்பல் பிடிபட்டது. அவர்கள் பரப்பிய நச்சு நிரல் சுமார் நாற்பது இலட்சம் கணினிகளின் டிஎன்எஸ் எண்ணைக் கும்பலின் எண்ணாக மாற்றி வைத்திருந்தது. அதற்குப் பதிலாக அமர்த்தப்பட்ட தற்காலிகக் கணினிகளை 2012 ஜூலை 9-ஆம் நாள் நிறுத்தியபோது, எண்ணைத் திருத்தாதவர்களுக்குப் பெயர்த் தேடலே நின்றுபோனது.

ஆகவே வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டியும் உலாவி 'இந்த இடம் பாதுகாப்பானதன்று' என்று எச்சரித்தால், தாய்மார்களே, 'பரவாயில்லை, போ' என்ற பொத்தானைத் தொடாதீர்கள். தவறான வீட்டுக்கு வந்திருக்கலாம். பூட்டுக்குறி இருக்கிறதே என்று அசட்டையாகவும் இருக்கவேண்டாம். ஓரெழுத்து மாற்றிய போலிப் பெயருக்கும் பூட்டு கிடைக்கும். வைஃபை பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் நிர்வாகி மறைச்சொல்லை மாற்றிவிடுங்கள். அந்தப் பெட்டியில் எண்ணை மாற்றினால் வீட்டிலுள்ள எல்லாருக்கும் மாறும்.

கை வைக்குமுன் பழைய எண்ணை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டி வையுங்கள். மாற்றியவுடன் பலன் தெரியவில்லை என்று பதறவேண்டாம். கணினி பழைய விடையையே கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும், குடும்பம் வேறு லயத்துக்குப் போன பின்னும் பழைய வீட்டுக் கதவையே தட்டுகிற ஆபீஸ் பையனைப்போல. ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்கினால் கணினி அதை மறந்துவிடும்.