பெருக்கப் பெருக்கத் தூள் வரும் கார் நிறுத்துமிடம்

காலையில் வீட்டின் முன் கார் நிறுத்துமிடத்தைப் பெருக்குகிறீர்கள். மாலையில் பார்த்தால் மறுபடியும் சாம்பல் நிறத் தூள். சக்கரம் உருளும் தடத்தில் மணல் தலைகாட்டுகிறது. சிமெண்டைக் குறைத்துப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று திட்டுகிறோம். பல வீடுகளில் சிமெண்டு போதுமான அளவில்தான் இருக்கும், கூடிப்போனது தண்ணீர்.

கிள்ளானில் என் பெற்றோர் வீட்டிலும் இதே கதைதான். கான்கிரீட் ஊற்றிய அன்று பிற்பகல், வழக்கம்போல் இடியுடன் மழை. மழை விட்டதும், மேலே தேங்கிய நீரின்மீது வேலையாள் சிமெண்டுத் தூளைத் தூவிக் கரணையால் தேய்த்தார். தளம் கண்ணாடிபோல் பளபளத்தது. அப்பாவுக்குப் பரம திருப்தி. மூன்றே மாதத்தில் மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்தது.

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர, அத்தாப்பு வீடுகளை அழித்தன. அதன் பிறகு எழும்பிய கல் கட்டடங்களுக்காகச் செங்கல் சூளைகள் இயங்கிய இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். செங்கல்லை இறுக்குவது நெருப்பு. சிமெண்டை இறுக்குவதோ தண்ணீர். இரண்டும் வேதிவினை புரிந்து கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் உருவாகிறது. மணலையும் சரளைக்கல்லையும் பிணைப்பது அதுவே. 'கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது' என்று எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

தண்ணீர் தேவைதான், அளவோடு. தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே வலிமையை நிர்ணயிக்கிறது என்று 1918இல் அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ரம்ஸ் காட்டினார். 50 கிலோ சிமெண்டுக்கு 25 லிட்டர் போதும் என்ற இடத்தில் 35 லிட்டர் ஊற்றினால் கலவை சுலபமாக ஓடும். வேலை சீக்கிரம் முடியும். மிஞ்சிய நீர் பிறகு ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும். ஊற்றிய கலவையில் கல்லும் மணலும் கீழே படிய, நீர் மேலே கசியும். அது அடங்குவதற்குள் தேய்த்தால் மேல் சில மில்லிமீட்டரில் மட்டும் தண்ணீர் மிகுந்துவிடும். அடியில் உறுதி, மேலே பலவீனமான தோல். அப்பாவின் தளத்தில் நடந்தது இதுதான்.

உங்கள் தளம் எப்படி? சாவியால் கீறிப் பாருங்கள். சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி வந்தால் மேல்தோல் பிரிந்திருக்கிறது.

வெறும் தூள் மட்டும் என்றால் சோடியம் அல்லது லித்தியம் சிலிகேட் கரைசல் பூசலாம். கான்கிரீட்டில் எஞ்சியுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடுடன் அது வினைபுரிந்து, துளைகளுக்குள் அதே பிணைப்புப் பொருளை உருவாக்கும். ஆனால் உரியும் தளத்துக்கு இது உதவாது.

அப்பா மெல்லிய சிமெண்டுப் பூச்சு ஒன்றை மேலே போட ஆளைப் பேசிவிட்டார். நான் தடுத்தேன், ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். புதிய பூச்சு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது ஒட்டியிருப்பது அந்தப் பழைய தோலில்தானே? தோல் உரிந்தால் பூச்சும் சேர்ந்தே வரும். முதலில் பலவீனமான பகுதியை இயந்திரத்தால் அரைத்து எடுக்க வேண்டும். ஈரமாக அரைப்பது நல்லது. அந்தத் தூளில் உள்ள சிலிகா நுரையீரலைக் கெடுக்கும், முகக்கவசம் கட்டாயம். அமிலம் ஊற்றிக் கழுவும் யோசனை வேண்டாம்; அதன் புகை மூச்சைப் பாதிக்கும், சரியாகக் கழுவப்படாத மிச்சம் புதிய பூச்சின் ஒட்டுதலைக் கெடுக்கும்.

பிறகு தளத்தை நன்றாக நனைத்து, தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, பாலிமர் கலந்த பழுதுபார்ப்புச் சாந்தைப் பூச வேண்டும். காய்ந்த தளம் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். தேங்கிய நீர் ஒட்டுதலைக் கெடுக்கும். பழைய தளத்தின் இணைப்புக் கோடுகளை மூடிவிடாதீர்கள், விரிசல் அந்த இடத்தில் மறுபடி வரும். தளமே அமிழ்ந்திருந்தால், மேற்பூச்சில் செலவழிப்பது வீண். கிள்ளான் வட்டாரத்தின் மென்மையான களிமண்ணில் அது அபூர்வமல்ல.

எங்கள் வீட்டில் தோலை அரைத்தெடுத்ததும் சரளை தெரிந்தது. சாவி அங்கே கீறவில்லை. மறுநாள் காலை, வானம் வெளுத்ததும் கூடாரத் துணியை மேலே கட்டிவிட்டுப் பூசினோம். பிற்பகல் மழை சரியாக வந்தது. பிளாஸ்டிக் விரிப்பின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைத்தான் தடுக்க முடியவில்லை.