சீன மரபுத்தொடரும் தமிழ் ‘நாற்று’ம்: ‘யா மியாவ் ஜு ஜாங்’ – பொருளும் பெயர்ப்பும்

முன்னுரை

ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த ஊர்களின் நடுவே அமைந்தது ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடம். இங்குள்ள சுங்குவார்சத்திரத்தில் தைவானைத் தாயகமாகக் கொண்ட ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் ஆலை இயங்குகிறது. சீனமொழி பேசும் பொறியாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றும் சூழல் இதனால் உருவாகியுள்ளது. இரு மொழிகள் இவ்வாறு அருகருகே வழங்கும்போது, தனிச்சொற்களைவிட மரபுத்தொடர்களே மொழிபெயர்ப்பில் மிகுந்த இடர் தருகின்றன. அவசரத்தைக் கடியும் ‘யா மியாவ் ஜு ஜாங்’ என்னும் சீனத் தொடர் இதற்குத் தக்க சான்று. அதன் பொருளையும் தோற்றத்தையும் விளக்கி, அதிலுள்ள ‘மியாவ்’ என்பதை ‘நாற்று’ எனப் பெயர்த்தால் தொடரின் பொருளே தலைகீழாகிவிடும் என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடரின் பொருளும் தோற்றமும்

சீன மரபுத்தொடர்களுள் பெரும்பாலானவை நான்கு எழுத்துகளால் ஆனவை. இவற்றைச் ‘செங்யூ’ என்பர். ஒரு முழுக்கதையை நான்கு அசைகளுள் அடக்குவது இவற்றின் இயல்பு. சுருக்கத்தை முதுமொழியின் இயல்புகளுள் ஒன்றாகத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறுவது இங்கு ஒப்புநோக்கத் தக்கது. எடுத்துக்கொண்ட தொடரில் ‘யா’ மேலே இழுத்தலையும், ‘மியாவ்’ இளம்பயிரையும், ‘ஜு’ உதவுதலையும், ‘ஜாங்’ வளர்தலையும் குறிக்கின்றன. ‘யா’ என்பது அருகிய பழஞ்சொல்லாதலின், அதனிடத்தில் ‘பா’ என்னும் சொல்லையிட்டு வழங்குவதும் உண்டு.

இத்தொடருக்கு மூலம் பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெங்சு (மென்சியசு) என்னும் அறிஞரின் பெயரால் அமைந்த நூல். அந்நூலில் மாணவர் கொங்சுன் சோவுடன் நிகழ்த்தும் உரையாடலில் மெங்சு ஒரு கதை கூறுகிறார். சோங் நாட்டான் ஒருவன் தன் பயிர் வளரவில்லையே என வருந்தி, ஒவ்வொன்றையும் சற்றே மேலே இழுத்துவிட்டான். களைத்து வீடு திரும்பியவன், பயிர் வளர உதவிவிட்டு வந்ததாகப் பெருமிதத்துடன் கூறினான். மகன் ஓடிச்சென்று பார்த்தபோது பயிர் வாடிக் கிடந்தது.

உள்ளத்தின் ஆற்றலை வளர்த்துக்கொள்ளும் முறையை விளக்கவே மெங்சு இக்கதையைப் பயன்படுத்துகிறார். பயனில்லை எனக் கைவிடுபவன் களை எடுக்காத உழவன். வலிந்து வளர்ப்பவன் பயிரை இழுப்பவன். எனவே அவர் கண்டிப்பது முயற்சியை அன்று. இயல்பான வளர்ச்சியின் இடத்தில் தன் அவசரத்தை வைப்பதையே கண்டிக்கிறார். தொடரின் சொற்கள் மூலப்பகுதியில் சிதறிக் கிடக்க, நான்கெழுத்து வடிவம் பின்னர் அமைந்தது. இன்றைய சீனத்தில் ‘ஜு ஜாங்’ என்னும் இறுதிப்பகுதி, தீய போக்கிற்குத் துணைபோதல் என்னும் பொருளில் தனித்தும் வழங்குகிறது.

பயிரும் நாற்றும்

ஆங்கிலத்தின் வழியே இத்தொடரைத் தமிழாக்குபவர் ‘நாற்றைப் பிடுங்குதல்’ என எழுதுவது எளிது. ஆனால் தமிழ் உழவு மரபில் நாற்றுப் பறித்தல் பிழையன்று, கட்டாயமான வினை. நாற்றங்காலில் குறுகிய கால நெல்லாயின் ஏறத்தாழ 20 நாள் வளர்ந்த நாற்றைப் பறித்து, முடியாகக் கட்டி, சேற்றில் நடுவர். சில நாள் வாடியபின் அது வேர் பிடித்துப் பச்சை கொள்ளும். பறித்தலே இங்கு வளர்ச்சிக்கு வழி. ஆதலால் நெல்வயல் அறிந்த தமிழர்க்கு ‘நாற்றைப் பிடுங்கி வளர உதவுதல்’ என்பது எச்சரிக்கையாக ஒலிக்காது, நல்லுரையாகவே ஒலிக்கும்.

சீனமொழி இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காக்கிறது. ‘மியாவ்’ என்னும் எழுத்து, புல்லைக் குறிக்கும் உருவும் வயலைக் குறிக்கும் உருவும் இணைந்தது. வயலில் முளைத்து நிற்கும் பயிரை உணர்த்துவது. நடவுக்கு உரிய நாற்றை ‘யாங்’ என்னும் வேறு சொல்லால் குறிப்பர். ‘பா யாங்’ நாற்றுப் பறித்தல், ‘சா யாங்’ நடவு. சோங் நாடு இன்றைய ஹெனான் மாநிலத்தின் ஷாங்சியூப் பகுதியில் இருந்தது. அவ்வட சமவெளியின் பண்டைய முதன்மைத் தானியம், விதைத்த இடத்திலேயே வளரும் சிறுதானியம். எனவே ‘பயிரை இழுத்து வளர்த்தல்’ என்பதே பொருந்தும் பெயர்ப்பாகும்.

தமிழ் வழக்குடன் ஒப்பீடு

‘ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை’ என்னும் பழமொழி பொறுமையின்மையைச் சுட்டுகிறது. எனினும் உதவுவதாக எண்ணிக் கெடுக்கும் மயக்கம் அதில் இல்லை. மெங்சுவின் கருத்துக்கு நெருக்கமானது உழவு அதிகாரத்தின் 1038ஆம் குறளே. ஏர், எரு, களை, நீர், காப்பு என அது சுட்டும் பணிகள் யாவும் பயிர் வளர்வதற்குரிய சூழலை அமைப்பன. வளர்ச்சியைக் கையால் நீட்டுவது அவற்றுள் இல்லை.

மாறாக, தமிழில் நாற்று இடம்பெயர்ந்து தழைப்பதன் குறியீடு. மணமாகிப் புகுந்த வீடு செல்லும் பெண்ணை நாற்றுக்கு ஒப்பிடுவது மக்கள் வழக்கு. இத்தொழில்வழித்தடத்தின் வல்லம் வடகாலில் 18,720 பெண் பணியாளர் தங்கத்தக்க குடியிருப்பு 2024இல் திறக்கப்பட்டது. ஊர்விட்டு வந்து இங்கு வேரூன்றும் இளம்பெண்களுக்கு நாற்று உவமை பொருந்தும். அவர்களின் பயிற்சிக் காலத்தைச் சுருக்கி, முதிர்ந்தோரின் வேகத்தை முதல் வாரத்திலேயே எதிர்பார்க்கும் மேற்பார்வைக்கே மெங்சுவின் பயிர் உவமை பொருந்தும். இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தால், நிறுத்தச் சொல்லும் உரை விரைவுபடுத்தச் சொல்லும் உரையாகிவிடும்.

முடிவுரை

‘யா மியாவ் ஜு ஜாங்’ வயலில் நிற்கும் பயிரைப் பற்றிய தொடர், நாற்றங்காலைப் பற்றியதன்று. வேரறுத்துவிட்டு அங்கேயே நிறுத்துவதற்கும், பறித்து வேறிடத்தில் ஊன்றுவதற்கும் உள்ள வேறுபாடே இவ்விரு உவமைகளின் வேறுபாடாகும். அகராதி தரும் நேர்ச்சொல் சரியாகத் தோன்றும் இடத்திலும், இரு நாட்டு உழவு முறைகளை ஒப்பிட்டே மரபுத்தொடரைப் பெயர்க்க வேண்டும் என்பதை இத்தொடர் உணர்த்துகிறது. சீனத் தொடர்களை இடைமொழியின்றி மூலத்திலிருந்தே தமிழாக்கும் முயற்சிக்கு வேளாண் சொற்களின் ஒப்பாய்வு முதற்படியாக அமையும்.