உங்களுக்குத் தெரியுமா? மார்கழி வெளிச்சமும் மனோநிலையும்

பெங்களூரில், அல்சூரை அடுத்த மர்பி டவுனில், மூடுபனியோடு விடியும் மார்கழிக் காலையில் போர்வையை விட்டெழ மனமில்லாதவர்கள் குளிரையே குறை கூறுவது வழக்கமாயினும், நார்மன் ரோசென்தால் என்ற மனநல வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1984-இல் அமெரிக்காவில் வர்ணித்த ‘பருவகால மனச்சோர்வு’ என்னும் வியாதிக்குப் பிரதான காரணமாகக் கருதப்படுவது குளிரன்று, வெளிச்சக் குறைவே. டிசம்பரில் லண்டனின் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைந்துவிட, பெங்களூரில் அது 11 மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதால், நாம் பாக்கியசாலிகள்தாம். ஆனால் சந்து வீட்டு உள்ளறையில் விளக்கொளி, லக்ஸ் என்னும் ஒளியளவில், சில நூறைத் தாண்டுவது அரிது, வாசலிலோ மேகம் கவிந்த வானங்கூட ஆயிரக்கணக்கில் வாரி வழங்குகிறது.

மேனாட்டு வைத்தியர்கள் 10,000 லக்ஸ் விளக்கின் முன் காலையில் அரைமணி நேரம் நோயாளியை அமர்த்தும் சிகிச்சையின் தத்துவமும் இதுவே: விழித்திரை வழியே மூளையை எட்டும் ஒளி, உறக்கத்துக்குரிய மெலடோனின் சுரப்பை அடக்கி, தேகத்தின் கடிகாரத்தைச் சீர்செய்கிறது. விடிந்தபின் குனிந்து, கோலத்தின் ஓரத்துக்கு நிதானமாகச் செம்மண் பூசும் பெண்மணி (ஆடவர் சோம்பிக் கிடக்க!) அவ்வொளியைச் செலவின்றிப் பெறுகிறாள். சோர்வு இரண்டு வாரமாகியும் அகலாவிடில், வெயிலை மட்டும் நம்பியிராமல் 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ எண்ணில், எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.