மீன்பிடித் தடைக்காலத்தில் கிளம்புங்கள்! கடலூர் டு பிச்சாவரம், மரப்படகு தேடி ஒரு பயணம்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கடல் கண்ணிலேயே படாது. சுமார் 45 கிலோமீட்டர் தூரம். சிப்காட் ஆலைகள், வயல்கள், இடையிடையே சின்னச் சின்ன ஊர்கள் என்று சாலை ஓடிக்கொண்டே இருக்கும். கடலோ கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி, யாருக்கும் தெரியாமல் கூடவே வந்துகொண்டிருக்கும்.

அதனால் மரப்படகுகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்த வழியை ஈ.சி.ஆர் பயணம்போல ஒரே நேர்கோட்டில் திட்டமிட முடியாது. ஒரு சீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முதன்மைச் சாலைதான் சீப்பின் முதுகு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு கிளைச்சாலையில் இறங்கி, பார்த்துவிட்டுத் திரும்ப ஏறி, அடுத்த பல்லுக்குப் போக வேண்டும். டூவீலரோ காரோ இருந்தால் வசதி. இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் நான்கிலும் ரயில் நிலையம் இருக்கிறது. எல்லாம் ஒரே பாதைதான்.

எப்போது போவது?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். குளிர்ச்சியாக இருக்கும் என்று டிசம்பரில் வந்தால் மழையும் புயல் எச்சரிக்கையும்தான் வரவேற்கும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கரையைக் கடந்தது இந்தப் பக்கம்தான். மற்ற மாதங்களில் வந்தாலோ, பெரிய படகுகள் கடலில் இருக்கும், அல்லது மீன் இறக்கும் அவசரத்தில் இருக்கும்.

மரப்படகை முழுசாக, அடிப்பாகம் வரைக்கும் பார்க்க வேண்டுமானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்கள்தான் சரியான நேரம். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உள்ள காலம் அது. தமிழ்நாட்டில் 2001-ல் 45 நாளாகத் தொடங்கி, 2017-ல் 61 நாளாக நீண்டது. அந்த நாள்களில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, இடுக்கு அடைப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் நடக்கும். வெயில் கொளுத்தும். அக்னி நட்சத்திரமும் நடுவிலேயே வரும். காலை 6 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு நிழலுக்குப் போய்விடுவது நல்லது. சாப்பாட்டில் மீன் இருக்காதோ என்று பயப்பட வேண்டாம். கட்டுமரத்துக்கும் சிறிய நாட்டுப் படகுகளுக்கும் இந்தத் தடை கிடையாது.

தேவனாம்பட்டினம்: கட்டுமரம் உலகம் சுற்றிய கதை

பயணத்தைக் கடலூரின் சில்வர் பீச்சில் தொடங்கலாம். பக்கத்திலேயே புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690-ல் ஆங்கிலேயர்கள் மராத்தியரிடமிருந்து இந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழும் எல்லை வரைக்கும் தங்கள் நிலம் என்று கணக்கு வைத்தார்கள். அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது.

கோட்டை கட்டினார்களே தவிர, கப்பல் கரைக்கு வர வழியில்லை. சோழமண்டலக் கரையில் அலை அடிக்கும் வேகத்துக்குப் பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். சரக்கையும் மனிதர்களையும் கரை சேர்த்தது மசூலா படகுகள். ஆணியே இல்லாமல், பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. ஆணி அடித்த படகு அலையில் மோதித் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பித்துவிடும். மசூலா இன்று புழக்கத்தில் இல்லை. ஆனால் தையல் நுட்பம் அடியோடு செத்துவிடவில்லை. அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலை அடிப்படையாக வைத்துத் தைத்துக் கட்டப்பட்ட 'கௌண்டின்யா' என்ற பாய்மரக் கப்பல் 2025-ல் இந்தியக் கடற்படையில் சேர்ந்திருக்கிறது.

கட்டுமரத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி இந்தக் கரையில் கட்டுமரத்தைப் பார்த்து, 1697-ல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதினார். தமிழ்ச் சொல் அப்படியே ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 1876-ல் அமெரிக்காவில் நதானியல் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகைக் கட்டிப் பந்தயத்தில் ஓடவிட்டார். அந்த வகைப் படகுகளுக்கும் 'கேட்டமரான்' என்ற பெயரே நிலைத்தது. நம் கட்டுமரத்துக்கு இரட்டை உடலும் கிடையாது, உள்ளே உட்காரக் குழியும் கிடையாது. எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டுவதுதான். தண்ணீர் இடுக்கு வழியாக ஏறி, அதே வழியில் இறங்கிவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காயப்போடுவார்கள். ஊறிய மரம் மிதக்காதே!

முதுநகர்: இங்கே அவசரப்படாதீர்கள்

அடுத்த நிறுத்தம் கடலூர் முதுநகர், உப்பனாற்றங்கரையில் உள்ள மீன்பிடித் துறைமுகம். நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான்.

மரப்படகு கட்டும் முறையைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது புரியும். முதலில் நீளமான அடிக்கட்டை. இதற்கு 'ஏரா' என்று பெயர். பூஜை போட்டுத்தான் ஏராவை வைப்பார்கள். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். விலா எலும்புபோல இருபுறமும் எழுவது வங்கு. வங்கின்மேல் பலகை. வளைந்த வங்குக்கு வளைந்தே வளர்ந்த கிளையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டு வலு போய்விடும். பழைய ஆசாரிகள் வரைபடத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள் இல்லை. கண்ணும் முழக்கோலும்தான் அவர்களுக்குக் கணக்கு.

பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள இடுக்கில் பஞ்சுத்திரியை உளியால் அடித்துச் செருகி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவது 'கலப்பத்து'. படகு ஒழுகாமல் இருப்பது இந்த வேலையின் கையில்தான். போர்ச்சுக்கீசிய மொழியில் இதே வேலை செய்பவருக்கு 'கலஃபாத்தே' என்று பெயர். மரப்படகுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசுவதும் இந்தியக் கரையோரப் பழக்கம்தான். பண்ருட்டி முந்திரியைச் சாப்பிடும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஏன் இப்போதே போய்ப் பார்க்க வேண்டும்? 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படகுகள் சிதறிப்போயின. நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். அதற்கு முன்பே தொடங்கியிருந்த மாற்றம் அதன்பிறகு வேகம் பிடித்தது. இதில் மீனவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபைபர் எடை குறைவு, வருடா வருடம் கலப்பத்துச் செலவு இல்லை, நல்ல மரத்தின் விலையோ எட்டாத உயரத்தில். ஆனால், உடைந்த மரப்படகின் பலகை கதவாகவோ மேசையாகவோ கடைசியில் விறகாகவோ மாறிவிடும். உடைந்த ஃபைபர் படகு மணலிலேயே கிடக்கும். புதிதாக ஏரா வைப்பது குறையக் குறைய ஆசாரிகளுக்குப் பழுதுபார்ப்பு வேலைதான் மிஞ்சுகிறது. பழுதுபார்த்து மட்டும் ஒரு பையனுக்குப் படகு கட்டச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

ஒரு வேண்டுகோள்: இது கண்காட்சி இல்லை, வேலை நடக்கும் இடம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். செருப்போடு படகில் ஏற வேண்டாம்.

பரங்கிப்பேட்டை வழியாக

புதுச்சத்திரம் வந்ததும் இடதுபக்கம் இறங்கினால் சாமியார்பேட்டை கடற்கரை. கால் நனைத்துவிட்டுக் கிளம்பலாம்.

பரங்கிப்பேட்டை அப்படி இல்லை. வெள்ளாறு கடலில் கலக்கும் இந்த ஊருக்குப் போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். முஸ்லிம் வணிகர்களுக்கு இது மஹ்மூது பந்தர். மரக்கலத்தோடு பெயரே ஒட்டிப்போன மரக்காயர்களின் ஊர். 1781 ஜூலை 1-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியது இங்கேதான். ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ல் இரும்பாலை தொடங்கியதும் இங்கேதான். வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. முன்னதாக அனுமதி கேட்டுக்கொண்டு போவது நல்லது. முகத்துவாரத்தில் அன்னன்கோயில் இறங்குதுறை. மாலை வெயிலில் படகுகளைப் படம் எடுக்க அருமையான இடம்.

பிச்சாவரம்

கடைசிப் பல், கிள்ளை வழியாகப் பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். 'இதயக்கனி' (1975) படத்தில் எம்.ஜி.ஆர் படகில் வந்த அதே காடு. சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காட்டுக்குள் மோட்டார் படகும் போகும், துடுப்புப் படகும் போகும். துடுப்பையே கேளுங்கள். மரக்கிளைகள் தலையில் உரசும் குறுகிய கால்வாய்களில் துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கக் கூடாது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் இங்கே நிற்கிறது. கிளையை ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. சுனாமியின்போது காடு மறைத்து நின்ற ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான, கடலூர் மாவட்டத்தைப் பற்றிய ஆய்வு சொன்னது. காட்டுக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி இருந்த எம்.ஜி.ஆர் திட்டு பல உயிர்களை இழந்தது.

மாசியில் வர முடிந்தால் இன்னொரு காட்சியும் கிடைக்கும். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி மாசி மகத் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு வருவார். கிள்ளை தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வார்கள்.

இரவு தங்கச் சிதம்பரம்தான் வசதி. காலையில் இட்லியோடு கத்தரிக்காய் கொத்சு.

தேதியை உங்கள் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ள முடியும் என்றால் ஜூன் 13, 14-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சிதம்பரம் பக்கம் முடித்துவிட்டு, 14-ம் தேதி மாலை முதுநகருக்குத் திரும்பிவிடுங்கள். புதுப் பெயின்ட் காய்ந்த படகுகளில் ஐஸும் டீசலும் வலையும் ஏறிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் தடை முடிகிறது.